லென்ஸில் வைத்த அடையாளம்

ரகசிய அடையாளம் வைக்காமல் எந்தச் சாமானையும் நான் பழுதுபார்க்கக் கொடுத்ததில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான். உள்ளே இருப்பதை மாற்றிவிடுவார்கள் என்று பயம்.

எண்பதுகளின் கடைசியில், மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த சிடி பிளேயரின் மூடி சரியாக மூடவில்லை. பக்கத்து ஊரான தோப்பும்படியில் இருந்த மெக்கானிக்கிடம் கொடுக்கும் முன், உள்ளே துவரம்பருப்பு அளவில் இருந்த லென்ஸில் தீக்குச்சி நுனியால் சிவப்பு மைப்பொட்டு ஒன்று வைத்தேன். அந்த மெஷினிலேயே விலை உயர்ந்தது அதுதான் என்று மச்சினன் சொல்லியிருந்தான்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். மூடி நன்றாக மூடியது. ஆனால் பாட்டு வரவில்லை.

"லென்ஸை மாத்தியாச்சு, இல்லையா சேட்டா?" என்று கத்தினேன். "என் லென்ஸ்ல அடையாளம் இருக்கு. காட்டுங்கோ!"

மெக்கானிக் நிதானமாக மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பொட்டு அப்படியே இருந்தது.

"சாரே, லேசர் வெளிச்சத்தை ஊசிமுனையா குவிக்கிறதே இந்தத் துளியூண்டு குஞ்ஞு லென்ஸ்தான். இதுல யாரு பொட்டு வெச்சது?"

ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அவர் துடைத்ததும் பாட்டு வந்தது.

கிளம்பும் முன், திருகாணிகளை மட்டும் ஒருமுறை எண்ணிக்கொண்டேன்.