ஒரு ரிமோட் நீளம்

என் அக்காவிடம் அளவெடுக்கும் டேப் இல்லாமல் இல்லை. மூன்று இருக்கின்றன. ஒன்றால் குளியலறைக் கதவைக் கட்டி வைத்திருக்கிறாள். இன்னொன்றில் கைக்குட்டைகள் காய்கின்றன. மூன்றாவது எங்கே என்று கேட்டால் கோபம் வரும். தைக்கும்போது மட்டும் டேப்பைத் தொட மாட்டாள். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க டோக்கன் எண் கூப்பிடுகிறவள். வீட்டுக்கு வந்தும் எண்தானா என்பாள்.

அதனால் வீட்டுச் சாமான்கள்தான் அவளுக்கு அளவுகோல். அவளுடைய நோட்டில் இப்படித்தான் எழுதியிருக்கும்: சில்லறைப் பை, ஒரு சோப்பு டப்பா. தோள்பை, உயரம் ஒரு தலையணை, வாய் அத்தானின் செருப்பு ஒன்றரை. மூக்குக் கண்ணாடி உறை, ஒரு ரிமோட் நீளம், சீட்டுக்கட்டு அகலம். படித்தால் வீடு காலி செய்கிறவர்களின் சாமான் பட்டியல் என்று நினைப்பீர்கள். ஆனால் பை கச்சிதமாக வந்துவிடும். அதுதான் எனக்கு எரிச்சல். மாடியில் குடியிருக்கும் நான் முறைப்படி ஒரு வருடம் தையல் படித்தவள். சான்றிதழ்கூட பீரோவில் இருக்கிறது. நான் தைத்த சட்டையில் கைதான் நுழையாது.

பொழுதுபோக்காகத் தைத்தவளை வியாபாரத்தில் இறக்கிவிட்டது ஒரு கடைவாய்ப் பல். அதைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்த அம்மாள், அக்காவின் மேசைமேல் இருந்த சில்லறைப் பையைக் காட்டிக் காட்டி நகர மாட்டேன் என்று நின்றார். பாதி வாய் மரத்துப்போயிருந்ததால் பேரம் பேசவும் முடியவில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் அவருடைய நாத்தனார் வந்தார், அவருக்குப் பல்லில் ஒன்றுமே இல்லை.

பத்தே மாதத்தில் தையல் மெஷினும் துணிகளும் ஜிப்புகளும் சாப்பாட்டு மேசையை முழுதாகப் பிடித்துக்கொண்டன. அத்தான் இஸ்திரி மேசையின் உயரத்தைக் கூட்டி, நின்றுகொண்டே சாப்பிடப் பழகினார். நல்ல மனிதர்தான். ஆனால் தட்டில் ஒரு ஜிப் கிடைத்த அன்று அவருடைய பொறுமை போய்விட்டது. மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் அப்போதுதான் அறுபது உறைகள் கேட்டிருந்தார். அத்தான் ஒப்பந்தம் போட்டார்: கடைக்காரர் மறுபடியும் கேட்டால் மேசை அக்காவுக்கே. வேண்டாம் என்றால் மெஷின் பரணுக்கு.

அக்கா சரி என்றுவிட்டாள். பிறகு என்னிடம் மட்டும், "மெஷின் பரண்ல ஏறிச்சுன்னா நானும் கூடவே ஏறிடுவேன்டி" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் இந்தப் பத்து மாதமாகத்தான் அவள் காலையில் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே எழுகிறாள்.

இரண்டு வாரம் தைத்தாள். உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்புவதும் நூல் வெட்டுவதும் என் வேலை. சான்றிதழ் வாங்கியவளுக்குக் கிடைத்த பதவி அது. எங்கள் வீட்டில் யாருமே கண்ணாடி போடுவதில்லை. அதனால் ஒன்றையாவது போட்டுப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கடைக்காரர் முதல் உறையில் ஒரு கண்ணாடியை நுழைத்தார். போர்வை பத்தாத ஆள் மாதிரி அது இரண்டு விரல் அளவு வெளியே தலையை நீட்டியது. இன்னும் ஐந்தை எடுத்துப் பார்த்தார். ஐந்தும் அப்படியே. மரியாதையான மனிதர். இருக்கட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். அக்கா உறைகள் இருந்த பையை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பிரித்தாள். ஒரு ரிமோட் என்றுதான் இருந்தது. ரிமோட்டை எடுத்து, உறைக்கென்று வெட்டி மிச்சமிருந்த துணியில் வைத்தாள். அளவு துளிகூடப் பிசகவில்லை. பிறகு ரிமோட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது நம்ம ரிமோட் இல்லையே."

அத்தான் செய்தித்தாளுக்குள் தலையை இன்னும் கொஞ்சம் நுழைத்துக்கொண்டார். விசாரணையில் விஷயம் வெளியே வந்தது. போன மாதம் அவர் பழைய ரிமோட்டின்மேல் உட்கார்ந்து அதை உடைத்துவிட்டார். திட்டு விழுமே என்று சத்தமில்லாமல் புதிது வாங்கி வைத்துவிட்டார். புதிது குட்டை.

"அளவு மாறினா சொல்ல வேண்டாமா?" என்றாள் அக்கா.

"நான் டிவிக்குத்தானே வாங்கினேன்" என்றார் அத்தான்.

உடைத்ததே அவர்தான் என்று நான் வாதாடிப் பார்த்தேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று மெஷினைத் தூக்கிப் பரணில் வைத்தார். அன்று அவரை எனக்கு நிஜமாகவே பிடிக்கவில்லை. மேசையைத் துடைத்து, தட்டு வைத்து, ராஜா மாதிரி உட்கார்ந்தார். அக்கா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் இஸ்திரி மேசையில் வைத்து, அவருக்கு முதுகைக் காட்டி நின்று சாப்பிட்டாள். மூன்று நாளும் இதே கதை. மூன்று நாளும் பாட்டு இல்லை. அத்தானுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

நான்காம் நாள் கண்ணாடிக் கடைக்காரரே வீடு தேடி வந்தார். கிடக்கிறதே என்று ஓர் உறையை ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்குச் சும்மா கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் வருடக் கணக்காக, கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வெறும் உறையோடு வெளியே கிளம்புகிறவராம். இப்போது கண்ணாடி உறைக்கு வெளியே எட்டிப் பார்ப்பதால், உள்ளே இருக்கிறதா இல்லையா என்று பார்த்த மாத்திரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவர் போய்ச் சொல்ல, பூங்காவில் நடக்கும் அவருடைய கூட்டாளிகள் அத்தனை பேரும் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"இன்னும் இருநூறு வேணும்மா. இதே அளவு. கொஞ்சம்கூட நீளம் கூடக் கூடாது" என்றார்.

யாரும் சொல்லாமலே அத்தான் பரணில் ஏறினார். மெஷினை இறக்கி மேசையில் வைத்து, தூசியையும் தானே துடைத்தார். துடைத்து முடித்ததும் அக்கா கையை நீட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை ஒரு நாடாவில் கோத்து மேசைக் காலில் கட்டிவிட்டாள்.

நேற்று சாயங்காலம் நான் போனபோது டிவி அலறிக்கொண்டிருந்தது. அக்கா மெஷின் முன்னால் பாடிக்கொண்டிருந்தாள். அத்தான் இஸ்திரி மேசையில் தட்டை வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சுட்டுத் தந்துடட்டுமா?"

அக்கா தையலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நின்னுகிட்டே குறைங்க. உட்காரக் கூடாது."