குச்சிக்காரரும் மூடிவைத்த வாளிகளும்

தண்ணீர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் குச்சிக்காரரை அடிக்க ஆளில்லை என்று சுற்றுவட்டாரமே சொல்லும். கவட்டைக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடப்பார். குச்சி எங்கே குனிகிறதோ அங்கே தோண்ட வேண்டும். தண்ணீர் வந்துவிட்டால் ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடும். ஆடட்டும், யார் வேண்டாமென்றது! ஆனால் வெறும் புழுதி பறந்த கிணறுகளும் உண்டே. அவற்றை ஊர் மறந்துவிடும், அவரால் முடியாது. தன் மனசு சுத்தமில்லை, அதனால்தான் குச்சி பொய்த்துவிட்டது என்று நொந்து, அன்றைக்குப் பட்டினி கிடப்பார்.

இந்த முறை கூப்பிட்டது சொந்த அக்கா. அவளுக்கு இருப்பது அந்தத் தோட்டம் ஒன்றுதான். காலையில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி வருகிறது. கையிலிருக்கும் காசுக்குப் போட முடிவது ஒரே குழி. அது வறண்டால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான். சாயங்காலமே குச்சிக்காரர் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"இப்படிப் பயந்து சாகுறதுக்கு ஒரு தடவ சோதிச்சுப் பாத்துடுங்களேன்" என்றாள் மனைவி. கொல்லையில் சில வாளிகளில் தண்ணீர் ஊற்றி, சிலவற்றைக் காலியாக விட்டு, எல்லாவற்றையும் மூடிவைத்தாள். "நான் உள்ள போயிடுறேன். என் மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவீங்க!"

குச்சி குனிந்தது. மூடியைத் திறந்தார். காலி வாளி. மனைவி வாளிகளை இடம் மாற்றினாள். மறுபடியும் காலி. திறந்து பார்த்துவிட்டு நடந்தால் மட்டும் தண்ணீருக்கு மேல் அழகாகக் குனிந்தது.

"கைக்குத் தெரிஞ்சாத்தான் குச்சிக்குத் தெரியுதுடி!"

பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமோ என்று அவள் பதறினாள். இந்த மனுஷரோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்!

"அப்போ அந்த வறண்ட கிணறெல்லாம் என் பாவத்தால இல்லடி! நான் ஒரு பாவமும் பண்ணல!"

"சிரிங்க, சிரிங்க. காலைல அக்காகிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

காலையில் போர் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. தம்பி வெறுங்கையோடு வருவதைப் பார்த்ததும் அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்கடா குச்சி? எந்த எடம்?"

"தெரியலக்கா. எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல." வாளிச் சோதனையை ஒன்று விடாமல் சொன்னார்.

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? சும்மா ஒரு எடத்தக் காட்டுடா. நீ காட்டினா நான் நம்புவேன்."

விரலை நீட்டினால் போதும், அவள் முகம் மலர்ந்துவிடும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நம்புவக்கா. அதனாலதான் காட்ட மாட்டேன். வா, பக்கத்துத் தோட்டங்கள்ல எவ்வளவு ஆழத்துல ஊறுது, எங்க பாறை தட்டுச்சுன்னு விசாரிப்போம். அப்புறமும் தண்ணி வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

உருப்படாதவன், கழுத்தறுத்தவன் என்று அக்கா வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் நகரவில்லை. கடைசியில் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சின நிறுத்துப்பா" என்றாள். "என் தம்பிக்குத் தெரியலையாம்."