கதவுக்குச் சொன்னது

லிங்கநகர் வீடு நாங்கள் கட்டியது. மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த அன்றோடு அது அவளுடையதும் மருமகனுடையதும் ஆகிவிட்டது. எங்கள் ஊர் திரியாயில் சண்டையால் இனி இருக்க ஏலாது என்று ஆனபோது, நானும் இவரும் ஒரு உரப்பையில் உடுப்புகளைத் திணித்துக்கொண்டு அங்கேதான் வந்து சேர்ந்தோம். சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையைத் தந்தார்கள். நல்ல அறைதான். நெல்மூட்டை அடுக்கவென்று மேசனிடம் நானே சொல்லிக் கட்டுவித்த அறை.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு முகங்கொடுத்துக் கதைப்பதில்லை. சாப்பாடு ஆறுகிறது என்றால் கதவைப் பார்த்து, "சோறு வைச்சிருக்கு" என்பேன். கதவு சாப்பிடாது என்பது எனக்கும் தெரியும். அவரும் முன்விறாந்தையில் றேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருப்பார். உள்ளே வருவதென்றால் செருமிவிட்டுத்தான் வருவார். நானும் குசினிக்குள் ஓடிவிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. உடனே ஊரடங்கு போட்டுவிட்டார்கள். ஓர்ஸ் ஹில்லில் கந்தோருக்கு வேலைக்குப் போன மகள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்திருந்த மருமகன் மட்டும் வீட்டில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து இவர் பின்பக்கப் படியில் விழுந்தார். வயிற்றோட்டத்தோடு கிணற்றடிக்கு ஓடியவர். இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்க நாசமாகிவிட்டது. வயலில் அரிவி வெட்ட வந்தவர்களுக்கெல்லாம் வயிறாரச் சோறு போட்ட மனிதர், ஈரச் சீமெந்தில் ஒருக்களித்துக் கிடந்தார்.

"என்னைப் பிடிச்சுக்கொண்டு எழும்புங்கோ."

"ஏலாதடி. காலை அசைக்கேலாமக் கிடக்கு."

"மருமோனைக் கூப்பிடட்டே?"

"வேண்டாம்! இந்தக் கோலத்தில அவர் என்னைப் பாக்கிறதோ? பிள்ளை வரட்டும்."

பிள்ளை எப்படி வருவாள்? அவளுக்கென்று ஊரடங்கைத் தளர்த்துவார்களா? ஆனாலும் இவர் வேண்டாம் என்றது எனக்கும் வசதியாகப் போய்விட்டது. கூப்பிடுவதென்றால் நானல்லவா கூப்பிட வேண்டும். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. சேலைத் தலைப்பால் அவரை மூடிவிட்டுப் பக்கத்தில் குந்திக்கொண்டு அழுதேன். மழை தூறத் தொடங்கியது. அவருடைய பல்லெல்லாம் கிட்டிக்கொண்டு வந்தது.

அதற்கு மேல் தாங்க முடியாமல் எழுந்து குசினிக் கதவடிக்குப் போனேன். அப்போதும் என் வாய் பழக்கத்தை விடவில்லை. கதவைப் பார்த்து, "ஒருக்கா வந்தால் நல்லது" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, கதவு திறந்தது. மருமகன் மடித்துக் கட்டிய சாரத்தோடு நின்றார். ஒரு கையில் துடைக்கத் துவாய். தோளில் மடிப்புக் கலையாத தன்னுடைய சாரம் ஒன்று. அப்போதுதான் கவனித்தேன், றேடியோ பாடவேயில்லை.

"மாமி, விழுந்த சத்தம் அப்பவே கேட்டது. நீங்கள் கூப்பிடாமல் எப்பிடி வாறது எண்டு கதவுக்குப் பின்னாலயே நிண்டனான்" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் போதும் என்றிருந்தது. ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டு நாங்கள் மரியாதை காத்திருக்கிறோம். நடுவில் ஒரு கிழவர் குளிரில் விறைத்திருக்கிறார்.

மருமகன் முகம் சுளிக்காமல் இவரைக் கழுவினார். தன் சாரத்தைக் கட்டிவிட்டார். இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி" என்றார்.

"என்ன மாமா கதை இது?" என்றுவிட்டு, இவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தினார்.

பிறகு இவர் தடியூன்றி நடக்கும் அளவுக்குத் தேறினார். ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் றேடியோ சத்தமாகப் பாடியதில்லை. மருமகன் அதைக் காதோடு வைத்துத்தான் செய்தி கேட்டார். எங்கள் அறையில் ஒரு செருமல் கேட்டாலும் நிறுத்திவிடுவார். கடைசிவரை கதவைத் தாண்டி அவருக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவரோ, மருமகன் செய்தியை நிறுத்திவிடக் கூடாதே என்று, இருமல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமப் பழகிக்கொண்டார். நான் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிடுவேன்.