லூசியாவின் சட்டை

பெருமாநல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியில் இஸ்திரி ஆவி எழும்போதெல்லாம் எனக்கு ஸ்பெயினில் இருந்த அந்த வீடு நினைவுக்கு வந்துவிடும்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. பின்னால் ஏற்றுமதிக்கு உதவும், மொழி படிக்கட்டும் என்று அப்பா என்னை ஒரு கோடை விடுமுறைக்கு அங்கே தங்க வைத்தார். வீட்டுக்கார அம்மாள் கார்மென் தினமும் சாயங்காலம் ஒரு சட்டையைத் தேய்த்து, சூடு ஆறுமுன் என் கட்டிலில் வைப்பார். அது இறந்துபோன அவர் மகள் லூசியாவுடையது. எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

ஒருநாள் என்னையே "லூசியா" என்று கூப்பிட்டார். ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா சொல்லியனுப்பியிருந்தாள்: "பெரியவங்க கூப்பிட்டா எதுத்துப் பேசக்கூடாது கண்ணு. ஏனுங்கன்னு போய் நிக்கோணும்."

போய் நின்றேன். அதன்பிறகு அவர் என் பெயரைச் சொல்லவேயில்லை. நான் ஸ்பானிஷில் பேசப்பேச, "அவ இப்படித்தான் சொல்லுவா" என்று மெல்லத் திருத்திக்கொண்டே இருந்தார்.

ஊர் திரும்பியபின் அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று எங்களிடம் சரக்கு வாங்கும் ஸ்பெயின் பையர் ஒருவர் போனில் சிரித்தார். "நீங்க பேசுறது எங்க ஊர்ச் சின்னப் பொண்ணு பேசுற மாதிரியே இருக்கு. யார் கத்துக்கொடுத்தாங்க?"

"ஒரு சின்னப் பொண்ணுதான்" என்றேன். "அவ இன்னும் வளரல."