கம்பத்தில் கட்டிய குதிரை

இஷென்குல் பிறந்தது நரீன் ஆற்றுக்கு மேலே கோக்தாலா என்ற ஊரில். அப்பா கூட்டுப்பண்ணையில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். நடக்கப் பழகிய கையோடு சேணத்தில் உட்காரவும் பழகிய பிள்ளைகளில் இவரும் ஒருவர். ஆனால் படிப்பு அவரை நகரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. தொழிற்பள்ளியில் மின்வேலை படித்துவிட்டு மாவட்டத்துத் தெருவிளக்குப் பிரிவில் சேர்ந்தார். முப்பத்தைந்து வயதுவரை கம்பம் ஏறுவதுதான் வேலை.

காலில் இரும்புக் கொக்கிகளை மாட்டி, இடுப்பு வாரைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு ஏழு மீட்டர் ஏறவேண்டும். மேலே விளக்கின் கண்ணாடி மூடியை நாலு சின்னத் திருகாணிகள் பிடித்திருக்கும். கையுறையோடு அவற்றைத் திருக முடியாது. கையுறையைக் கழற்றினால் ஜனவரிக் குளிரில் விரல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும். திருகாணி கைதவறிப் பனியில் விழுந்தால் இறங்கித் தேடவேண்டும்; கிடைக்காவிட்டால் மறுபடி ஏறி மூடியைக் கம்பியால் கட்டிவிட்டு வரவேண்டும். தூக்குமேடை வைத்த லாரி ஒன்று பிரிவுக்கு இருக்கத்தான் செய்தது. அது பட்டறையில் நிற்கும், இல்லாவிட்டால் யாராவது அதிகாரி வீட்டுக் கூரைக்குத் தகரம் ஏற்றிக்கொண்டிருக்கும். நவம்பரில் அணைந்த விளக்கு ஏப்ரலில் எரிந்தால் அதிர்ஷ்டம்.

முழங்கால்கள் கெட்ட பிறகு அவரை வரைபட மேசைக்கு மாற்றினார்கள். அங்கே உட்கார்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே யோசனைதான். விளக்கைத் தேடி ஆள் மேலே போகக்கூடாது, ஆளைத் தேடி விளக்கு கீழே வரவேண்டும்.

கடைசியில் அவர் வரைந்து முடித்த கம்பம் இப்படி இருந்தது. உயரம் ஏழு மீட்டர். நாலாவது மீட்டரில் ஒரு கீல். கீலுக்கு மேலே விளக்குப் பக்கம். கீழே, அதே தண்டின் மறுமுனை மார்பு உயரம்வரை வாலாகத் தொங்கும். வாலின் நுனியில் எடைக்கட்டி. விளக்குப் பக்கம் ஒரு பிடி மட்டும் கனம் கூட. பெருவிரல் கனத்தில் ஓர் எஃகு ஆணி வாலைக் கம்பத்தோடு சேர்த்துப் பூட்டியிருக்கும். வேலைக்கு வருகிறவன் வாலில் ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு ஆணியை உருவுவான். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் விளக்கு தலைகீழாகச் சாய்ந்து இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும். ஏணி வேண்டாம், லாரி வேண்டாம், ஒரே ஆள் போதும். மூடிக்குத் திருகாணியும் கிடையாது, ஒரே ஒரு கொண்டிதான்.

அந்த ஆணியின் தலைதான் அவருக்குப் பெருமை. அதில் ஒரு வளையம் வைத்திருந்தார், கையுறையோடு முழுக் கையும் நுழையும் அளவு. முயல்தோல் கையுறையை மாட்டிக்கொண்டு அலுவலகத்தில் ஒவ்வொரு அளவாகச் சோதித்துப் பார்த்து, கூட வேலை செய்தவர்களின் கேலியையெல்லாம் வாங்கிக்கொண்டு செய்த வளையம். ஒரு கையால் இழுத்தால் ஆணி வந்துவிடவேண்டும் என்று அதை வழவழப்பாகக் கடையச் சொன்னார். உறைந்து போகாமலிருக்கக் கிரீஸும் தடவச் சொன்னார். பிரிவின் கிடங்கு முற்றத்தில் ஒரு கம்பத்தை நட்டுக் குளிர்காலம் முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

பிரிவின் தலைவி சய்கால் ஐம்பது வயதுக்காரர்; வாய் கொஞ்சம் நீளம், மனசும் அதே அளவுக்குப் பெரிது. "இஷென், உன் ஊர்லயே எட்டுக் கம்பம் நடு. அங்க சரியா எரிஞ்சா மாவட்டம் பூரா இதுதான்" என்றார்.

ஊர் மன்றத்தைச் சுற்றி எட்டுக் கம்பங்களும் நின்றன. முதன்முதலாக விளக்கேற்றும் நாளில் ஆடு அறுத்தார்கள். ஆற்றுப் பக்கத்து மைதானத்தில் குதிரை ஆட்டம் வைத்தார்கள். மன்றத்துக்குள் நீளத்துக்குத் துணி விரித்து, பொரித்த மாவுத் துண்டுகளைக் குவித்து வைத்திருந்தார்கள். கம்பங்களை நட்டு ஆணி பூட்டியவன் ஜோல்தோஷ். இஷென்குலிடம் வேலை பழகியவன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன். காலையிலேயே ஒவ்வொரு கம்பத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருந்தான்.

மத்தியானம் தாண்டி இஷென்குலின் மாமனார் அல்திமிஷ் வந்தார். மலைக்கு அந்தப்பக்கத்து ஊரிலிருந்து, அலுங்காமல் நடக்கும் தன் செம்பழுப்புக் குதிரையில், மாப்பிள்ளையின் விளக்கைப் பார்க்கவென்றே வந்தார். எல்லோரும் மன்றத்துக்குள் இருந்தார்கள். குளம்புச் சத்தம் கேட்டு இஷென்குல் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடித்தார். தோள் கொடுத்து அவரை இறக்கினார்.

"இதுதான் நீ செஞ்சதா மாப்பிள்ளை? ஒட்டகம் கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு!"

"ராத்திரி பாருங்க மாமா, ஊசி விழுந்தாலும் எடுக்கலாம்."

"எனக்கு இந்த வயசுல ஊசி எதுக்கு? கறி வெந்திருச்சா, அதைச் சொல்லு."

மற்றவர்களின் குதிரைகள் பின்புறத்துக் கட்டையில் நின்றன. பெரியவர்களின் குதிரையை வாசலுக்குப் பக்கத்தில் கட்டுவதுதான் மரியாதை. இஷென்குல் சிரித்துக்கொண்டே, மாமனாரின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே, கைக்கு எட்டிய வளையத்தில் கடிவாளத்தைக் கோத்து முடிச்சுப் போட்டார். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை போட்ட முடிச்சு. பார்க்காமலே போட்டார். பிறகு மாமனாரை உள்ளே அழைத்துப்போய், வாசலுக்கு எதிரே தலைமை இடத்தில் உட்கார வைத்தார்.

புளித்த குதிரைப்பாலான குமிஸ் முதல் கிண்ணம் கைமாறிக்கொண்டிருந்தபோது மைதானத்து ஒலிபெருக்கி கிறீச்சிட்டது. அதன் மேலேயே ஒரு கனைப்பு, பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம். எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

வாசலோரக் கம்பம் மடங்கிக் கிடந்தது. விளக்குப் பெட்டி குதிரையின் முன்தோளில் அடித்துச் சிதறியிருந்தது. குதிரை ஒரு காலை ஊன்றாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. கடிவாளத்தின் நுனியில் வளையமும் ஆணியும் ஆடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்த கணத்திலேயே இஷென்குலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

சய்கால் ஆணியைப் பிடித்துப் பார்த்தார். "ஜோல்தோஷ்! இதை முழுசா உள்ள தள்ளினியா, இல்ல குமிஸ் வாசனை வந்ததும் பாதியில விட்டுட்டு ஓடினியா?"

"அக்கா, சத்தியமா முழுசாத் தள்ளினேன். சுத்தியலால ஒரு தட்டுக்கூடத் தட்டினேன்."

"எதைத் தட்டின? உன் மண்டையையா?"

கூட்டம் சிரித்தது. ஜோல்தோஷின் காதுகள் சிவந்துவிட்டன.

"சரி, குதிரையை இங்க கட்டினது யாரு?"

இஷென்குல் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான். அந்த வளையத்தை வரைந்தவரே அதில் குதிரையைக் கட்டினார் என்று சொன்னால் நரீன் நகரம்வரைக்கும் சிரிப்பார்கள். இந்த ஊரில் பிறந்தவன், குதிரைக்காரன் மகன், கம்பத்தில் வளையம் வைத்தால் என்ன நடக்கும் என்று தெரியாதா என்பார்கள். வாயை மூடிக்கொண்டு, குனிந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தார். பெரியவர் அல்திமிஷ் மாப்பிள்ளையின் முகத்தை ஒருதரம் பார்த்தார்.

"நான்தான் கட்டினேன். கிழவன், கண்ணு தெரியல" என்றார்.

பெரியவரை யார் என்ன சொல்ல முடியும்? ஆனால் பின்னாலிருந்து ஒரு பெண்குரல், கேட்கவேண்டும் என்றே, வந்தது: "மாமனார் தானே இறங்கித் தானே குதிரையைக் கட்டிக்கிட்டாராம். மாப்பிள்ளை உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தானாம்?"

"எஞ்சினியர் ஆயிட்டாருல்ல! கையில கடிவாள அழுக்கு ஒட்டிக்கும்" என்றது இன்னொன்று.

அந்த இரண்டு பேச்சும் செவிட்டில் அறைந்ததுபோல் விழுந்தன. ஆனாலும் இஷென்குல் அவற்றை மறுக்கவில்லை. பெரிய அவமானத்தை மறைக்கச் சின்ன அவமானத்தைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"பெரியவர் கட்டினது தப்பில்ல" என்றார் சய்கால். "ஆணி முழுசா உள்ள இருந்திருந்தா குதிரை இழுத்தா வருமா? ஜோல்தோஷ், திங்கட்கிழமைலேர்ந்து வேலைக்கு வராத. இதே ஒரு குழந்தை மேல விழுந்திருந்தா?"

வரும் என்று இஷென்குலுக்குத் தெரியும். கிரீஸ் போட்ட ஆணி ஒரு கைக்கே வரும், குதிரைக் கழுத்துக்கு வராதா?

உள்ளே கறித்தட்டுகள் வந்தன. விருந்து நடத்துகிறவர் என்று அவருக்கு நல்ல தொடை எலும்பாகக் கொடுத்தார்கள். கத்தியை எடுத்தார், வைத்தார். எழுந்து வெளியே வந்தார். ஜோல்தோஷ் குந்தி உட்கார்ந்து கண்ணாடிச் சில்லுகளைத் தொப்பியில் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றான் தலை நிமிராமல். "ஊரே நம்பல, போகட்டும். நீங்க சொல்லுங்க. நான் ஆணியை ஒழுங்காப் போட்டேன்னு நீங்க நம்புறீங்களா?"

"நம்புறேன்டா."

"அது போதும்ண்ணே" என்று மூக்கைச் சிந்திக்கொண்டான்.

தன் ஆயுளில் தான் பேசிய மிகக் கேவலமான வார்த்தை அதுதான் என்று பின்னாளில் இஷென்குல் நினைப்பார். அதில் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி புருல் தேநீர் ஊற்றினாள். ஊர்ப்பேச்சு அவளுக்கு அதற்குள் வந்து சேர்ந்திருந்தது.

"எங்கப்பா எழுபது வருஷத்துல ஒரு வீட்டு வாசல்லயும் தன் குதிரையைத் தானே கட்டினதில்ல. அப்படிக் கட்டவேண்டி வந்தா, அந்த வீட்டுக்குள்ளயே போகாம திரும்பிடுவார்." கிண்ணத்தை நீட்டினாள். "நீங்கதானே கட்டினது?"

அவர் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும். நீங்க ஓடிப்போய்க் கடிவாளத்தைப் பிடிக்காம இருந்திருக்க மாட்டீங்க."

"சொல்லிடலாம்னுதான் பார்க்கறேன். ஆனா இப்போ நான் சொன்னா உங்கப்பா எல்லார் முன்னாலயும் பொய் சொன்னவர் ஆயிடுவார்."

"அப்போவே சொல்லியிருந்தா அவர் வாயைத் திறந்திருக்க வேண்டாமே" என்றாள் புருல்.

மறுநாள் இஷென்குல் மாமனார் வீட்டுக்குப் போனார். லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்த குதிரையின் தோளில் சூடான தவிட்டுக் கட்டு போட்டிருந்தார்கள். அல்திமிஷ் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். இனி ஆள் ஏறமுடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மாமா, நாளைக்கு எங்க தலைவிகிட்ட உண்மையைச் சொல்லப் போறேன். அந்தப் பையன் வேலை போகுது."

"சொல்லு."

"உங்க பேரு கெடும்."

பெரியவர் கட்டின் முடிச்சைச் சரிபார்த்தார். "நான் சொன்ன வார்த்தையை நானே திருப்பி வாங்க மாட்டேன். உனக்கு வேணும்னா நீ தூக்கிப் போடு. ஆனா, மாமா சரின்னு சொன்னாருன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. அந்தச் சுமையையும் என் தலையில ஏத்தாத."

இஷென்குல் தலையாட்டினார். பெரியவர் தேநீருக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். இஷென்குல் குடித்தார், போதும் என்று கிண்ணத்தைக் கவிழ்த்தார், கிளம்பினார்.

திங்கட்கிழமை சய்காலின் அறையில் ஜோல்தோஷ் கருவிப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தான். இரண்டு பேர் முன்னாலும் இஷென்குல் சொல்லிவிட்டார். குதிரையைக் கட்டியது தான். ஆணி முழுசாகத்தான் உள்ளே இருந்தது. அந்த வளையத்தை யார் இழுத்தாலும், எது இழுத்தாலும் வரும்.

சய்கால் பேனாவை மூடி வைத்தார். "அப்போ உன் மாமனார் பொய் சொன்னாரா?"

"ஆமா."

"உனக்காக."

"ஆமா."

"நீ நின்னு கேட்டுக்கிட்டு இருந்த." அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்கமுடியவில்லை. "கம்பத்துல வளையம் வெச்சா நம்ம ஆளு குதிரை கட்டுவான். இது எனக்கும் தோணல, உன்கூட இருந்த யாருக்கும் தோணல. வரைபடத்துல வந்த தப்பைத் திருத்திக்கலாம் இஷென். இன்னொன்னை எப்படித் திருத்தப் போற, நீயே பாத்துக்க. ஜோல்தோஷ், பையை எடு. வேலைக்குப் போ."

ஜோல்தோஷ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசல்வரை போய்த் திரும்பினான்.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட நம்புறீங்களான்னு கேட்டேன்."

"கேட்டடா."

"அதான்" என்றான். போய்விட்டான்.

கதை எல்லாச் சந்தைகளுக்கும் போனது. தேநீர்க்கடைகளில் அல்திமிஷைப் பார்த்து, "பெரியவரே, இன்னிக்குக் குதிரையை யாரு கட்டினா?" என்று கேட்டார்கள். அவர் முதலில் சிரித்தார். பிறகு சந்தைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

இஷென்குல் கம்பத்தை மறுபடி வரைந்தார். வெளியே வளையம் இல்லை. ஆணியின் தலை கம்பத்துக்குள் ஒரு சிறு பெட்டியில் இருந்தது. சதுரச் சாவி போட்டுத் திருகினால்தான் வெளியே வரும், சாவிக்குக் கையுறையோடு பிடிக்கும் அகலமான காது. எடைக்கட்டியைக் கொஞ்சம் கூட்டினார். கயிறு இல்லாவிட்டாலும் விளக்கு இனித் தானாகச் சாயாது. மாவட்டம் இதை ஏற்றுக்கொண்டது. இன்று ஆற்றின் இரு கரைகளிலும் அந்தக் கம்பங்கள்தான் நிற்கின்றன. நவம்பரில் அணைந்த விளக்கு அடுத்த நாளே எரிகிறது. கம்பம் ஏறிக் கால் கெட்டு வேலையை விடுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை.

அவற்றை நடுகிறவன் ஜோல்தோஷ்தான். அவன் 'அண்ணே' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டான். ஒவ்வொரு கம்பத்திலும் ஆணியைப் பூட்டியதும் ஒதுங்கி நின்று, ஆட்கள் முன்னால் சொல்வான்: "எஞ்சினியர் சார், பூட்டியாச்சு. இழுத்துப் பாருங்க. அப்புறம் நான் போடலன்னு பேச்சு வரக்கூடாது."

இஷென்குல் போய், இரண்டு கையாலும் வாலைப் பிடித்து, முழுப் பலத்தோடு இழுப்பார். அது அசையாது.

"இருக்கு" என்பார்.

"சத்தமாச் சொல்லுங்க சார், இவங்களுக்கும் கேக்கட்டும்."

"நல்லாப் போட்டிருக்க. இருக்கு" என்பார் இஷென்குல். இருவரும் அடுத்த கம்பத்துக்கு நடப்பார்கள்.