போலந்து நாடகமும் செல்வி அக்காவின் மொய்யும்

முந்திரிக்கொட்டை எண்ணெய்க்கு ஒரு காரமான நெடி உண்டு. கொட்டை உடைக்கிற வீட்டுத் துணியில் அது ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. அந்த நெடி கடலூர்க் கல்யாண மண்டபத்து வாசலுக்கு வந்தபோது அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர்: மொய் நோட்டோடு பெரிய மாமா, பாட்டு போடும் மேசையில் அப்பா, அவர் பக்கத்தில் போலந்து நாட்டிலிருந்து வந்திருந்த எவா அக்கா, சந்தனக் கிண்ணத்தோடு பத்து வயசு நான், அந்த நெடியைத் தன் மஞ்சள் பையில் கொண்டுவந்த செல்வி அக்கா. ஐந்து பேரில் தப்பு செய்தவள் நான் ஒருத்திதான்.

சிதம்பரத்தில் அப்பா வைத்திருந்தது, பாட்டுகளைப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் "ரெக்கார்டிங் சென்டர்". முந்திரி உடைக்கிற ஊரான காடாம்புலியூரிலிருந்து வந்து தன் அத்தை வீட்டில் தங்கி அங்கே வேலை பார்த்த செல்வி அக்கா, கேசட் அட்டைகளில் பாட்டின் பெயர்களை அச்சடித்த மாதிரி எழுதுவாள். செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலையிலிருந்த என் சின்ன மாமா ஞாயிறுதோறும் வந்து, ஒரு கேசட் வாங்க ஒரு மணி நேரம் நிற்பார். அட்டைக்குள் மடித்து வைத்த கடிதங்களை நான்தான் இங்குமங்கும் கொடுத்தேன். அது வெளியே தெரிந்தால் என்ன ஆகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும். அந்தப் பயம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

நடனம் கற்க வந்திருந்த எவா அக்கா ஒரு நாள் நாடா சிக்கிய கேசட்டோடு கடைக்கு வந்தாள். அதில் இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில் இசையமைத்த ஒரு நாடகமாம், வசனமே இல்லாமல் எல்லாவற்றையும் பாடியே நடிப்பார்களாம், அவர்கள் ஊரில் அதைத் தேசிய நாடகமாகக் கொண்டாடுவார்களாம். அவள் படித்துக் கற்ற தமிழில், "அப்போது எங்கள் நாடு வரைபடத்தில் இல்லை. பக்கத்து நாட்டு அரசர்கள் மூன்று பேர் வெட்டி எடுத்துக்கொண்டார்கள்" என்றாள்.

"நாடே இல்லாதப்ப நாட்டு நாடகம் எப்பிடிம்மா?" என்று அப்பா கேட்டார்.

"அதனால்தான்" என்றாள்.

நாடாவை ஒட்டிக்கொண்டே அப்பா கதை கேட்டார். மலைநாட்டு ஏழைப் பெண்ணை ஒரு பண்ணைக்காரப் பையன் ஆசை காட்டி ஏமாற்றிவிட்டுப் பணக்கார வீட்டில் பெண் எடுக்கிறான். விருந்தும் ஆட்டமுமாக இருக்கும்போது வெளியிலிருந்து அவள் குரல் கேட்கிறது. கல்யாணத்தன்று கோயிலையே கொளுத்தக் கொள்ளியோடு வருகிறாள். எனக்கு அங்கேயே காது அடைத்துப்போயிற்று. மீதிக் கதை அவள் ஆற்றில் விழுந்து சாவதில் முடிந்தது என்பது மட்டும்தான் மங்கலாக நினைவிருக்கிறது, அதுவும் செல்வி அக்கா சொன்னதால்: "அவ ஏன் போயி ஆத்துல வுழணும்? அவன் வுழலாம்ல."

எல்லோரும் சிரித்தோம். சின்ன மாமாவும் அன்று கடையில் நின்று சிரித்தார்.

மூன்று மாதத்தில் அவருக்குப் பண்ருட்டிப் பலா மண்டிக்காரர் வீட்டில் பெண் நிச்சயமாயிற்று. செல்வி அக்கா அழுததை நான் பார்க்கவில்லை. கடைக்கு ஒழுங்காக வந்தாள். அட்டையில் எழுத்து மட்டும் சிறுத்துக்கொண்டே போனது. நான்தான் ராத்திரியில் கொள்ளியைக் கனாக் கண்டு எழுந்தேன்.

கல்யாணத்தன்று, புதுசாக இருக்கட்டும் என்று அப்பா அந்தக் கேசட்டிலிருந்த ஆட்டப் பாட்டைப் போட்டார். "என்னா மச்சான், வெள்ளக்காரன் கல்யாணமா நடக்குது?" என்று பெரிய மாமா கிண்டல் செய்துகொண்டிருக்கும்போதுதான் அந்த நெடி வந்தது. செல்வி அக்கா சந்தனம் எடுக்கக் குனிந்தாள். பைக்குள் ஒரு பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது. நான் பெரிய மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "சின்ன மாமா கட்டிக்கலன்னு செல்வி அக்கா எண்ண கொண்டாந்துருக்குது, பந்தலக் கொளுத்தப் போவுது" என்றேன். மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

பெரிய மாமா பையைப் பிடுங்கினார். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே இருந்தது முந்திரிப் பருப்பு. முழுப் பருப்பாகப் பார்த்துப் பொறுக்கியது. வாசல் பூராவும் சிதறியது. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. எவா அக்காதான் எட்டி அதை நிறுத்தினாள். பாட்டு நின்றதும், உள்ளேயிருந்து வந்த பெண் வீட்டுக்காரர் ஒருவர், "யாரு இது? எதுக்குக் கொளுத்தணும்?" என்று கேட்டார்.

அதுவரை அவர்கள் இருவர் விஷயம் யாருக்கும் தெரியாது. அப்பா கடையில் வேலை செய்கிறவள் வராவிட்டால் ஊர் பேசும் என்றுதான் அவள் வந்திருக்கிறாள். பேச்சே எழாதபடி வந்து போக நினைத்தவளை ஊர் முன்னால் நிறுத்தியது என் வாய். எவா அக்கா மண்டியிட்டுப் பருப்பைப் பொறுக்கினாள். செல்வி அக்கா பொறுக்கவில்லை. மேசைக்குப் போய், "எழுதிக்குங்க, காடாம்புலியூர் செல்வி" என்று பணத்தை வைத்தாள். பெரிய மாமா எழுதிக்கொண்டார். போகும்போது என்னைப் பார்த்து, "நீயுமாடி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவள் கடைக்கு வரவில்லை. அட்டை எழுத ஆள் நிலைக்கவில்லையென்று, மூன்று வருஷம் கழித்து எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி என்னை அவள் முக்காலியில் உட்கார வைத்தார்கள். அவள் எழுத்து எனக்குக் கடைசிவரை வரவில்லை. கெடிலம் ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போதெல்லாம் தண்ணீரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வேன்; பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவளைக் கைக்குழந்தையோடு பார்த்ததாக அப்பா சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

இப்போது கடையும் இல்லை, கேசட்டும் இல்லை, அப்பாவும் இல்லை. போன மாதம் என் மகள் அந்த நாடகத்தைச் செல்போனில் தேடி எடுத்துக் கொடுத்தாள். கடைசிக் காட்சியில் அந்தப் பெண் கொள்ளியோடு நிற்கிறாள். கோயிலுக்குள்ளிருந்து ஜனங்கள் பாடும் வேண்டுதல் காதில் விழுகிறது. கொள்ளியைத் தூக்கித் தூரப் போட்டுவிடுகிறாள். அவள் கொளுத்தவே இல்லை. எவா அக்கா அன்றைக்கே இதைச் சொல்லியிருப்பாள். தீ என்றதுமே காதை மூடிக்கொண்டவள் நான்.

எங்கள் ஊர்ப் பக்கம், வாங்கிய மொய்யைக் கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில்தான் திருப்பிச் செய்ய வேண்டும். அவள் பிள்ளைகளுக்குக் காதுகுத்து நடந்திருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு ஒரு பத்திரிகைகூட வரவில்லை. சின்ன மாமாவிடம் கேட்டால், "அதெல்லாம் இன்னுமா நெனப்பு வச்சிருக்க" என்கிறார். அவர் கல்யாண மொய் நோட்டில் அந்தப் பக்கத்தில் எல்லா வரிக்கும் எதிரில் "செய்தாச்சு" என்று எழுதியிருக்கிறது, ஒன்றைத் தவிர: காடாம்புலியூர் செல்வி, ஐம்பத்தோரு ரூபாய்.