மடக்கிய ஓரம்

கடைத்தெருவில் அவருக்கு 'அளவுகோல்' என்று பட்டப்பெயர். படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். முப்பது வருஷமாக ஊரார் படங்களைக் கண்ணாடிக்குள் அடைத்ததில், ஓவியக்கலையே தன் கடை வாசலில் கைகட்டி நிற்கிறது என்ற நினைப்பு. சட்டம் நன்றாக இருந்தால் உள்ளே எந்தக் கிறுக்கலும் எடுபடும் என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே சொல்வார்.

மகள் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றபோதும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "மூணு வயசுப் பிள்ளை சோத்தைக் கொட்டின மாதிரி இருக்கு. இதுக்கு ஒரு காலேஜ் வேறயா?" என்று அவள் வரைந்த படத்தைக் காட்டி, அவள் தோழிகள் முன்னால் சிரித்தார். அவள் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம். அம்மாவோடு போனில் பேசுவாள். இவர் குரல் கேட்டால் வைத்துவிடுவாள். வெளியே வீறாப்பு. உள்ளுக்குள், மகள் ஒரு வார்த்தை பேசமாட்டாளா என்று மனுஷன் ஏங்கிக் கிடந்தார்.

ஒருநாள் காலையில் மகளே கடைக்கு வந்தாள், கையில் சுருட்டிய கேன்வாஸோடு.

"கண்காட்சியில வைக்கப் போறாங்கப்பா. நீங்களே சட்டம் போட்டு அங்க அனுப்பிடுங்க."

அளவுகோலுக்குத் தலைகால் புரியவில்லை.

படத்தில் ஒரு காடு. கிட்டே பார்த்தால் பச்சையும் மஞ்சளுமாக அப்பிய வண்ணம்தான். நாலடி தள்ளி நின்றால் மரங்களும் வெயிலும் ஆட்களும் தெரியும். அளவுகோல் எந்தப் படத்தையும் தள்ளி நின்று பார்த்தவரல்ல. மேஜைமேல் கிடத்தி அளவெடுப்பதுதான் அவர் படம் பார்க்கிற லட்சணம்.

மகளுக்கென்று, செய்து வைத்திருந்ததிலேயே உயர்ந்த தேக்குச் சட்டத்தை எடுத்தார். படம் அதைவிட மூன்று விரற்கடை அகலம் கூடுதலாக இருந்தது. அந்தச் சட்டத்தை விட்டு வேறு எடுக்க மனமில்லை. இடது ஓரத்தில் பழுப்பாக ஏதோ திட்டு. "பிரஷைத் துடைச்சிருக்கா" என்று தீர்ப்புச் சொல்லி, ஓரத்தைப் பின்னால் மடக்கி ஆணி அடித்தார். காய்ந்த வண்ணம் நொறுங்கிய சத்தம் கேட்டது. திட்டுத்தானே என்று விட்டுவிட்டார்.

கண்காட்சி அன்று நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு மனைவியோடு போனார். போகிற வழியெல்லாம் தேக்கின் பெருமை பேசி அவள் உயிரை வாங்கினார். மகள் படத்துக்கு முன்னால் நாலடி தள்ளி நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் போய் நின்று, அளவுகோல் முதல்முறையாக அந்தப் படத்தைப் பார்த்தார். மரத்தடியில் வெள்ளை உடுப்பில் ஒரு பெண், பக்கத்தில் நீல உடுப்பில் ஒரு சிறுமி. சிறுமியின் கை இடப்பக்கம் நீண்டு, சட்டத்தோடு நின்றுபோயிருந்தது.

"இங்க இன்னொருத்தர் இருந்தாரேப்பா?"

"ஏதோ பழுப்பா... இப்பவே கழட்டிப் பிரிச்சுடலாம்மா," என்றார். உதிர்ந்த வண்ணம் திரும்ப ஒட்டாது என்று அவருக்கா தெரியாது?

"அது நீங்கதான்பா."

அளவுகோல் சட்டத்தின் இடது ஓரத்தைத் தடவினார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று இழுத்தார்.

"என் கையைப் புடிச்சிட்டு நிக்கிற மாதிரி வரைஞ்சிருந்தேன்," என்றாள் மகள். "அதான் உங்களுக்கே அடையாளம் தெரியல."